மருதாணி காயாத கைகள்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஓர் ஆடு.

காயல்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் நாங்கள் கட்டியிருந்த வாழைமரத்தை அது இலை இலையாக, அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தது. ஆட்டுக்குப் பின்னால் பந்தல். பந்தலுக்குள் வாடகைக்கு எடுத்த இரும்பு நாற்காலிகள். நாற்காலிகளில் யாரும் இல்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. அங்கே உட்கார இடமில்லை. பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் கிளாசும் கையுமாக நின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஆண்கள். முகாமோ கர்ப்பிணிப் பெண்களுக்கானது.

டாக்டர் கோமதி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டார். வேலை தொடங்குமுன் எப்போதும் அப்படித்தான். கையில் கடிகாரம் இருந்தால் நோயாளியை விட்டுவிட்டு அதைப் பார்க்கத் தோன்றுகிறது என்பார். அந்த நாட்களில் எது எந்த மணிக்கு நடந்தது என்று என்னால் சொல்ல முடிவது அந்தக் கடிகாரத்தால்தான். எந்த வருடம் என்று கேட்டால் தடுமாறுவேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கோ. மழை ஓய்ந்து, ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்களில் மறுபடி பாத்தி கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு திருத்தம்

எங்கள் நடமாடும் மருத்துவ வண்டி வெள்ளை என்று போன வாரம் எழுதியிருந்தேன். அது நீலம் என்று அம்பாசமுத்திரத்து வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். இருவர் சொல்வதும் சரி. வண்டி வெள்ளைதான். சேரன்மகாதேவி அருகே ஒரு கரும்பு லாரி பின்னாலிருந்து இடித்ததில் பின்கதவு போய்விட, பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு வண்டியின் கதவை வாங்கி மாட்டினோம். அது நீலம். வண்டி ஊருக்குள் வரும்போது பார்த்தவர்களுக்கு வெள்ளை வண்டி, போகும்போது பார்த்தவர்களுக்கு நீல வண்டி.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெல்லையில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்த நான், அதை விட்டு இந்த வண்டியில் சேர்ந்தேன். ஒரு சிறிய அறக்கட்டளை நடத்திய வண்டி அது. தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் இடத்தில் தொடங்கி, கடலில் கலக்கும் இடம் வரை, நாளுக்கு ஓர் ஊர். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களிடம் ஆஸ்பத்திரி போக வேண்டும் என்பது யோசனை. டாக்டர் கோமதி, நர்ஸ் ஃபாஸ்டினா, டிரைவர் சுடலை அண்ணாச்சி, நான். மருத்துவம் தவிர மற்றதை எழுதுவதும் படம் எடுப்பதும் என் வேலை.

வர முடியாததற்கு ஊருக்கு ஊர் ஒரு காரணம் இருந்தது. மேற்கே பீடி சுற்றும் பெண்கள், கட்டுக் கொடுக்கும் நேரம் தப்பினால் கடைக்காரர் வாங்கமாட்டார் என்பதால் வரவில்லை. கடைசியில் பீடிக்கடை வாசலிலேயே மேசையைப் போட்டோம். புகையிலை நெடியில் ஸ்டெதாஸ்கோப்போடு டாக்டரும் தும்மினார். புன்னைக்காயலில் மீன் ஏலம் முடியும் வரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஃபாஸ்டினாவுக்கு அதே ஊர். ஏலம் போடும் இடத்துக்கே தராசைத் தூக்கிக்கொண்டு போனார். முதலில் ஒரு சுறாவை நிறுத்தார்கள், பிறகு குழந்தைகளை. சுறாவின் எடையைத் தவறுதலாக ஒரு குழந்தையின் பெயருக்கு எதிரே எழுதிவிட்டு, அடுத்த வாரம் அந்தக் குழந்தை ஏன் இப்படி இளைத்துவிட்டது என்று டாக்டர் கவலைப்பட்டது தனிக்கதை.

காயல்பட்டினத்தின் காரணம் மட்டும் எங்களுக்குப் பிடிபடவே இல்லை.

கண்ணால் பார்ப்பவர்

அன்று எங்களோடு மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். டாக்டர் சபேசன். அறக்கட்டளையின் தலைமை அலுவலகத்துக்காரர். முழுக்கைச் சட்டை, பொத்தான் கடைசி வரை போட்டிருக்கும். மருத்துவம் படித்தவர்தான், ஆனால் நிர்வாகத்துக்குப் போய் வருடங்களாகிவிட்டன. நோயாளியைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கோமதி கேட்டபோது அவர் ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்தார்.

அவர் வந்த காரணம் எங்கள் நால்வருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் வாரா வாரம் வண்டி நிற்கிறது, பெண்கள் வருவதில்லை. நிறுத்தத்தை எடுத்துவிட்டு வேறு ஊருக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். பகல் ஒரு மணி வரை இருந்து பார்ப்பதாக அவர் சொன்னார். அதற்குள் பெண்கள் வரவில்லையென்றால் அடுத்த வாரத்திலிருந்து வண்டி அங்கே நிற்காது.

அந்த நிறுத்தத்துக்காகச் சண்டை போட்டு வாங்கியவர் கோமதி. அந்தத் தெருக்களில் பல வீடுகளில் ஆண்கள் துபாயிலோ ஜித்தாவிலோ இருந்தார்கள். பெண்கள் ஆண் டாக்டரிடம் போகத் தயங்கினார்கள். வலி வந்த பிறகு வாடகைக் காரில் தூத்துக்குடிக்கு ஓடுவது வழக்கமாயிருந்தது. சிலர் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கோமதி அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் மிட்டாய் டப்பாவைத் திறந்து ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொள்வார்.

ஒன்பதே முக்காலுக்கு அவர் மூன்றாவது பெப்பர்மின்ட்டில் இருந்தார்.

"நான் கண்ணால பாக்காத எதையும் எழுதறதில்லை டாக்டர்" என்றார் சபேசன். மிரட்டலாக இல்லை, தன் வழக்கத்தைச் சொல்வதுபோல.

"நேத்து சாயங்காலம் தொண்டை வத்தக் கத்துனேம்லா" என்றார் சுடலை அண்ணாச்சி, யாரும் கேட்காமலே. உண்மைதான். வண்டிக் கூரையில் ஒலிபெருக்கி கட்டி, கர்ப்பிணித் தாய்மார்களே வாருங்கள் என்று ஒவ்வொரு டீக்கடை வாசலிலும் நிறுத்தி நிறுத்தி அழைத்திருந்தார். முகாம் என்றால் பந்தல், ஒலிபெருக்கி, வாழைமரம். எங்கள் தொழிலில் அப்படித்தான் பழக்கம். ஆட்டுக்குக்கூட அழைப்பு போய்ச் சேர்ந்திருந்தது.

முடுக்கு

பத்து மணிக்கு ஃபாஸ்டினா தண்ணீர் கேட்டு வருகிறேன் என்று பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போனார். பத்து இருபதுக்குத் திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் இல்லை. ஒரு தட்டு நிறையத் தம்மடை இருந்தது. அந்த ஊரில் ரவையும் முட்டையும் சேர்த்துச் செய்யும் இனிப்பு. அவர் வாயிலும் அது இருந்ததால் முதலில் சொன்னது யாருக்கும் புரியவில்லை.

விழுங்கிவிட்டு மறுபடி சொன்னார். "டாக்டர், இங்கன ஒருத்தியும் வரமாட்டா. எல்லாரும் பின்னால இருக்காவ."

காயல்பட்டினத்தில் வீடுகளின் பின்புறம் பெண்கள் நடமாடுவதற்கென்று ஒடுக்கமான சந்துகள் உண்டு. முடுக்கு என்பார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, அங்கிருந்து அடுத்த தெருவுக்கு, சாலையில் கால் வைக்காமல் போய்விடலாம். ஆண்கள் அதில் நடப்பதில்லை. தவிர்க்க முடியாமல் போனால் தூரத்திலேயே இருமிக் குரல் கொடுப்பார்கள். எங்களிடம் இருந்த ஊர் வரைபடத்தில் தார்ச்சாலை மட்டும்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூன்றாவது வீட்டில் மறுநாள் கல்யாணம். மருதாணி போட்டுக்கொள்ள அந்தப் பக்கத்துப் பெண்கள் முழுக்க முடுக்கு வழியாக அங்கே கூடியிருந்தார்கள். கர்ப்பிணிகளும்தான். அவர்களுக்கு எங்கள் முகாம் தெரியும். சுடலை அண்ணாச்சியின் குரலும் மனப்பாடம். ஒருத்தி அதை அப்படியே செய்துகாட்ட, வீடே சிரித்ததாம். டீக்கடைக்கு எதிரே, பந்தலுக்குள், பட்டப்பகலில் போய் உட்கார்ந்தால் இன்னார் முழுகாமல் இருக்கிறாள் என்று ஊரிலுள்ள ஆண்களுக்கெல்லாம் தண்டோரா போட்டதாகாதா என்பது அவர்கள் கேள்வி.

கோமதி வாயிலிருந்த பெப்பர்மின்ட்டைக் கடித்து முடித்தார். தராசை எடுங்கள் என்றார்.

கல்யாண வீட்டுக்காரி செய்னம்பு லாத்தா. மணப்பெண்ணின் தாய். லாத்தா என்றால் அந்த ஊரில் அக்கா. அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்ததாக ஃபாஸ்டினா வந்து சொன்னார்: "ஆம்பளைய உள்ள வரப்பிடாது. மத்ததெல்லாம் கொண்டு வாங்க."

ஆக, தராசு ஃபாஸ்டினாவின் தலையிலும், மருந்துப் பெட்டி கோமதியின் கையிலுமாக முடுக்கு வழியே போயின. சபேசனும் நானும் சாலை வழியாகச் சுற்றி, அதே வீட்டின் முன்கூடத்துக்கு வந்தோம். வீட்டு ஆண்கள் சமையல் பந்தலில் இருந்தார்கள். கூடத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு, கதவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் முகாம் தொடங்கிவிட்டது.

திரைக்கு இந்தப் பக்கம்

நான் பார்க்காத நிகழ்ச்சியைப் பற்றி எழுதியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். ஆகவே காதில் விழுந்ததை மட்டும் தருகிறேன். தராசுத் தட்டு டணார் என்று விழும் சத்தம். பிறகு சிரிப்பு. யாரோ ஒருத்தியின் எடையைச் சத்தமாகச் சொல்கிறார்கள், அவள் மறுக்கிறாள். சிரிப்பு. நகைகளைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறுகிறாள். எடை குறைந்ததா தெரியவில்லை, சிரிப்பு கூடியது. இடையில் கோமதியின் குரல், வரிசையாக வாருங்கள் என்று கெஞ்சுகிறது.

சபேசன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தம்மடையைப் பார்ப்பார்.

"பாக்காம எப்படி எழுதறது?" என்றார்.

அவர் சந்தேகப்படவில்லை. உண்மையிலேயே அது அவருக்குச் சிக்கலாக இருந்தது.

பதினொன்றரைக்குத் திரை ஒரு சாண் விலகியது. கோமதியின் முகம் வியர்த்துப்போய் எட்டிப் பார்த்தது. கூட்டம் தாங்கவில்லை, ரத்த அழுத்தம் பார்க்க ஆள் போதவில்லை என்றார். "சார், நீங்களும் டாக்டர்தான. அங்கனயே உக்காருங்க. நான் கையை மட்டும் அனுப்புதேன்."

சபேசன் மறுப்பதற்குள் ஸ்டெதாஸ்கோப்பும் பாதரசக் கருவியும் திரைக்கு வெளியே வந்துவிட்டன. அவற்றைத் தொடர்ந்து ஒரு கை வந்தது. முழங்கைக்கு மேல்வரை துணி ஏற்றிய, பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. உள்ளங்கையில் ஈர மருதாணி.

அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி மடித்துவிட்டுக்கொண்டார்.

பெயர் கேட்பது சரியில்லை என்பதால் வளையல் நிறத்தைச் சொல்வது என்று ஏற்பாடு. பச்சை, சரி. சிவப்பு, சரி. தங்கம், உப்பைக் குறைக்க வேண்டும். உள்ளே ஃபாஸ்டினா அதைப் பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்டார். தங்கம் என்று மூன்று பேருக்குமேல் வந்ததும் ஏற்பாடு குழம்பி, குண்டுத் தங்கம், முறுக்குத் தங்கம் என்று பிரிக்க வேண்டியதாயிற்று. சபேசன் ஒவ்வொரு முறையும் "அடுத்த கை" என்று கூப்பிட, உள்ளே சிரிப்பு அலையாக எழுந்தது.

என்ன சிரிப்பு என்று என்னிடம் கேட்டார். பதில் திரைக்குள்ளிருந்து ஃபாஸ்டினாவிடமிருந்து வந்தது. "ஒண்ணுமில்ல சார். ரேஷன் கடையில கூப்பிடுத மாதிரியே கூப்பிடுதியளாம்."

பிறகு ஒரு நீல வளையல் கை வந்தது. அவர் கருவியின் பட்டையைச் சுற்றப்போனவர் நிறுத்திவிட்டார். "இந்தக் கை ஏற்கெனவே வந்தாச்சு" என்றார். "அப்போ சிவப்பு வளையல். சுண்டுவிரல்ல பழைய தழும்பு இருக்கு."

அடுத்த விநாடி அந்த வீட்டில் எழுந்த சத்தத்துக்குச் சமையல் பந்தலிலிருந்து ஒருவர் கரண்டியோடு ஓடிவந்தார். மெட்ராஸ் டாக்டர் உண்மையிலேயே பார்க்கிறாரா, சும்மா சொல்கிறாரா என்று சோதித்திருக்கிறார்கள். ஏற்கெனவே வந்துபோன ஒருத்தியின் வளையலை மாற்றிப் போட்டு மறுபடி அனுப்பியது மணப்பெண்ணேதான்.

சபேசன் சிரித்ததை நான் முதலில் பார்த்தது அப்போது. சத்தம் வராத, தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு.

கறுப்பு வளையல்

அந்தச் சோதனை முடிந்த பிறகுதான் அதுவரை பின்னால் இருந்த ஒரு கை வந்தது. கறுப்பு வளையல். வளையல் சதையில் அழுந்தியிருந்தது. மோதிர விரலில் மோதிரம் புதைந்திருந்தது. புறங்கை நிறைய ஈர மருதாணி.

சபேசன் ரத்த அழுத்தம் பார்த்தார். காற்றை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார். மூன்றாவது முறை பார்க்கும்போது அந்தக் கையைத் தன் இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

என் சட்டைப் பையில் கடிகாரம் ஒன்று பத்து காட்டியது. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது சார் என்றேன்.

"சத்தம் போடாதீங்க" என்றார். "எனக்குக் கேக்கலை."

பிறகு திரையைப் பார்த்து, எத்தனையாவது மாதம், தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா என்று மெதுவாகக் கேட்டார். பதில்கள் செய்னம்பு லாத்தாவின் குரலில் வந்தன. எட்டாவது மாதம். தலைவலி உண்டு. கண் நேற்றிலிருந்து. அது அவருடைய மூத்த மகள் ஆயிஷா. மணப்பெண்ணின் அக்கா. வீக்கம் எல்லோருக்கும் வருவதுதான் என்று நினைத்திருந்தார்கள்.

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து, உடனே தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் சபேசன். கோமதியும் உள்ளே அதையே சொன்னார். ஆயிஷாவின் குரல் அப்போதுதான் முதலில் கேட்டது. விடிந்தால் தங்கச்சிக்குக் கல்யாணம், முடிந்ததும் போகிறேன் என்றது.

சிரிப்பு நின்றிருந்தது. சமையல் பந்தலில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

"அம்மா, இந்தக் கையை நான் இன்னிக்கே அனுப்பணும்" என்றார் சபேசன். "நாளைக்குன்னா எனக்குத் தைரியம் இல்லை."

அதிகாரி பேசும் பேச்சு அல்ல அது. பிறகு செய்னம்பு லாத்தா சொன்னார்: "எந்திரி ஆயிஷா. மருதாணி காயாட்டா என்ன, அப்படியே ஏறு. கல்யாணத்துல உன் கையை எவ பாக்கப்போறா?"

கிழக்கே பாருங்க

வண்டி சாலையில் நின்றது, டீக்கடைக்கு எதிரே. முடுக்கு அந்தச் சாலையில்தான் வந்து முடிகிறது. முடுக்கின் வாயிலிருந்து வண்டி வரை, அந்தப் பார்வைகளுக்கு நடுவே, நடந்து வரமாட்டேன் என்று ஆயிஷா உள்ளேயே நின்றுவிட்டாள்.

சுடலை அண்ணாச்சி வண்டியைக் கிளப்பி, பைய, பைய, பின்னுக்கு எடுத்து, முடுக்கின் வாயை அடைப்பதுபோல் நிறுத்தினார். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய முடியாது. நீலக் கதவு முடுக்குக்குள் திறந்தது. இருந்தாலும் ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது. அவர் இறங்கிப் பார்த்தார். மறுபடி ஏறினார். முந்தின நாள் எங்கள் மானத்தை வாங்கிய அதே ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அண்ணாச்சிமாரே, காக்காமாரே, எல்லாரும் கொஞ்சம் கிழக்கால பாருங்க. நான் சொல்லுத வரைக்கும் திரும்பாதீங்க."

காயல்பட்டினத்தில் காக்கா என்றால் அண்ணன், கிழக்கே என்றால் கடல். டீக்கடையில் இருந்த அத்தனை ஆண்களும், பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து, கையில் கிளாசோடு, கடல் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். டீ ஆற்றுகிறவர் ஆற்றிக்கொண்டே திரும்பினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. சைக்கிளில் வந்த மீன்காரர் காரணம் கேட்காமல் இறங்கித் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பினேன். பக்கத்தில் சபேசன், கண்ணால் பார்க்காத எதையும் எழுதாதவர், கண்ணை வேறு மூடிக்கொண்டிருந்தார்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி எங்களைத் தாண்டிப் போனபோது நீலமாகத் தெரிந்தது. கோமதி அதில் இருந்தார். அவருடைய கடிகாரம் என்னிடமே தங்கிவிட்டது. ஒன்று முப்பத்தைந்து.

சபேசன் மறுபடி கூடத்துக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுத்த கை என்றார். சாயங்காலம் வரை கைகள் வந்தன. முடுக்கு வழியாகச் செய்தி அடுத்த தெருக்களுக்கும் போயிருந்தது. அவருடைய ரயில் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட நேரத்தில் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய அறிக்கை மூன்றே வரி. பெண்கள் வந்தார்கள். நான் பார்க்கவில்லை. வண்டி தொடர்ந்து நிற்கலாம், பந்தல் வேண்டாம்.

வண்டி நின்றது. முடுக்கின் வாயில், நீலக் கதவைத் திறந்தபடி. ஆயிஷாவுக்குத் தூத்துக்குடியில் சில நாட்கள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, குரல் அதிகம் என்று கோமதி சொன்னார். தாய் பிழைத்தாள், கண்ணும் தெளிந்தது.

மெட்ராஸில் நடந்த அடுத்த கூட்டத்தில் சபேசன் இடது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். கறுப்பு வளையல் கையை மூன்று முறை பார்த்தபோது தன் கையில் ஒட்டிய மருதாணியை அவர் அன்று சாயங்காலம் வரை துடைக்கவில்லை. மோதிர விரல் நகம் செக்கச் சிவந்திருந்தது.

தோலில் பிடித்த மருதாணி இரண்டொரு வாரத்தில் போய்விடும். நகத்தில் பிடித்தது, நகம் முழுதும் வளர்ந்து வெட்டி எறியும் வரை போகாது.